தொட்டிக் கீசரா, உடனடிக் கீசரா? வாங்கும் முன் ஒரு கணக்கு



மழைக்காலம் ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது, வெந்நீர்க் கீசர் வாங்குவது பற்றிய பேச்சு பல வீடுகளில் எழுகிறது. கடைக்குப் போனால் இரண்டு வகைகளைக் காட்டுகிறார்கள். ஒன்று, 10, 15, 25 லிட்டர் நீரைப் பிடித்து வைத்துச் சூடாக்கும் தொட்டிக் கீசர். கடைக்காரர் இதனை 'ஸ்டோரேஜ்' என்பார். மற்றொன்று, குழாயைத் திறந்ததும் ஓடுகிற நீரை அப்போதைக்கப்போது சூடாக்கித் தரும் உடனடிக் கீசர். இதற்குக் கடையில் 'இன்ஸ்டன்ட்' என்று பெயர். நம் கடைகளில் கிடைக்கும் உடனடிக் கீசருக்குள்ளும் 1 லிட்டரோ 3 லிட்டரோ கொள்ளும் சிறு கலம் இருக்கிறது. ஆனால் அது சேமிப்பதற்காக அன்று, நீர் சூடேறிக்கொண்டே கடந்து செல்வதற்காக.

"இதில் தொட்டியே இல்லை, கரண்ட் பாதிதான் ஆகும்" என்பார் விற்பனையாளர். "அதெல்லாம் வேலைக்கு ஆகாது, பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இருவரும் உறுதியாகப் பேசுகிறார்கள். ஆனால் இருவரும் ஓர் எண்ணைக்கூடச் சொல்வதில்லை.

பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்தவர் யாரும் இந்த எண்களைத் தாமே கண்டுகொள்ள முடியும். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது பெரியவர்களிடம் தாளும் பென்சிலுமாகப் போய் நிற்க வேண்டியவர் நீங்கள்தாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இக்கேள்விக்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் விடை கிடையாது. திருச்சியை அடுத்த காட்டூர் போன்ற ஓர் ஊரில், வாளியில் நீர் பிடித்துக் குளிக்கும் நான்கு பேர் குடும்பத்திற்குச் சிறிய தொட்டிக் கீசரே ஏற்றது. ஆனால் வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் அந்த வீட்டில் இருக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

பெயரில் ஒரு வேடிக்கை

தொட்டி உள்ள கீசர்தான் பழையது, தொட்டி இல்லாதது புதுமை என்று நினைக்கிறோம். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1868-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்ற ஓவிய வேலைக்காரர், எரிவாயுச் சுடரின் சூட்டில் ஓடும் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதற்குச் சேமிப்புத் தொட்டி கிடையாது. ஐஸ்லாந்து நாட்டில் பூமியிலிருந்து பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றின் பெயரை ஒட்டி, அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். ஆக, முதல் கீசரே ஓர் உடனடிக் கீசர்! தானே இயங்கும் தொட்டி வகையை, நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வின் ரூட் என்ற பொறியாளர் 1889-இல் பிட்ஸ்பர்க் நகரில் உருவாக்கினார். மாகனின் கருவியில் எரிந்த வாயு வெளியேறப் புகைபோக்கி இல்லை. அதனால் அது ஆபத்தானதாக இருந்தது. ரூடின் கருவி அதைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

நம் வீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நடுவில் ஒரு குழாயும் அதனைச் சுற்றி நீரும் கொண்ட செம்புப் பாய்லரை உங்கள் தாத்தா, பாட்டி அறிவார்கள். நடுக்குழாயில் கரியையோ கொட்டாங்கச்சியையோ போட்டு எரிப்பார்கள். மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே உள்ள குழாயில் வெந்நீர் வரும். அதுவும் ஒரு தொட்டிக் கீசரே. எரிபொருள் மட்டும் வேறு.

நீர் கேட்கும் வெப்பம்

எந்தக் கீசரானாலும் நீர் கேட்கும் வெப்பம் ஒன்றுதான். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் வேண்டும். இதுவே நீரின் தன்வெப்பம். இந்த எண் விளம்பரங்களைக் கேட்டு மாறுவதில்லை.

மார்கழி மாதக் காலையில் நம் பகுதியில் குழாய் நீர் சுமார் 25 டிகிரி இருப்பதாகக் கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். உயர வேண்டிய வெப்பநிலை 15 டிகிரி. ஒரு வாளிக்கு 15 லிட்டர், அதாவது 15 கிலோகிராம் நீர். எனவே ஒருவர் குளிக்க வேண்டிய வெப்பம்:

15 × 15 × 4,200 = 9,45,000 ஜூல், அதாவது 945 கிலோஜூல்.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆகவே ஒரு வாளி வெந்நீருக்கு 0.26 யூனிட் ஆகும். நான்கு பேருக்கு 1.05 யூனிட். மின்சுருள் நீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், அது வெளியிடும் வெப்பம் அநேகமாக முழுவதும் நீருக்கே போய்ச் சேருகிறது. தொட்டிக் கீசருக்கும், உடனடிக் கீசருக்கும், வாளிக்குள் போடும் ராடுக்கும் இந்த நிலை ஒன்றே. ஆற்றல் அழியாமை விதி எல்லாக் கடைகளுக்கும் பொது. எனவே "கரண்ட் பாதிதான் ஆகும்" என்று யாராவது சொன்னால், "எதில் பாதி?" என்று பணிவாகக் கேளுங்கள். குளிக்கும் நீருக்கு வேண்டிய 1.05 யூனிட்டில் ஒரு பைசா அளவுகூட யாராலும் குறைக்க முடியாது. நீரின் அளவைக் குறைக்கலாம், அல்லது சூட்டைக் குறைக்கலாம். வேறு வழி இல்லை.

திறன் வேறு, ஆற்றல் வேறு

அப்படியானால் இரண்டு கீசர்களுக்கும் வேறுபாடே இல்லையா? உண்டு. அது ஆற்றலில் இல்லை, திறனில் இருக்கிறது. ஆற்றல் என்பது செய்த வேலை. திறன் என்பது அந்த வேலையைச் செய்யும் வேகம்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் உடனடிக் கீசரின் திறன் 3 கிலோவாட். அது ஒரு நொடியில் 3 கிலோஜூல் தருகிறது. 945 கிலோஜூல் தர 315 நொடிகள், அதாவது ஐந்தேகால் நிமிடம் ஆகும். வேறுவிதமாகச் சொன்னால், அந்தக் கீசரிலிருந்து 40 டிகிரி வெந்நீர் நிமிடத்திற்கு 2.9 லிட்டருக்கு மேல் வர முடியாது. குழாயை அகலத் திறந்தால் நீர் அதிகம் வரும், ஆனால் சூடு குறைந்துவிடும். மார்கழி மாதம் ஷவரின் கீழ் நின்று குளிக்க விரும்புகிறவருக்கு இது ஏமாற்றம்தான். வாளியில் பிடித்துக் குளிப்பவருக்கு ஐந்து நிமிடக் காத்திருப்பு, அவ்வளவே.

15 லிட்டர் தொட்டிக் கீசரின் திறன் பெரும்பாலும் 2 கிலோவாட். அது 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2,205 கிலோஜூல் வேண்டும். இதற்கு 18 நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகும். இந்தக் கொதிநீரைக் குளிர்ந்த நீருடன் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் வரை கிடைக்கும் என்று கணக்குக் காட்டுகிறது. இரண்டு வாளிக்கு அது தாராளம். இருவர் குளித்த பிறகு மீண்டும் ஒரு கால் மணி நேரம் சூடாக்கினால் மற்ற இருவருக்கும் ஆயிற்று.

ஆக, தொட்டி என்பது காலத்தைக் கொடுத்துத் திறனைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு. சிறு ஊற்றிலிருந்து இரவெல்லாம் ஊறும் நீரைக் குட்டையில் தேக்கி, காலையில் மொத்தமாக வயலுக்குப் பாய்ச்சுவது போன்றது இது.

பிறநாட்டு விடை நமக்குப் பொருந்துமா?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த விவாதம் பெரிதாக நடப்பதை நீங்கள் படித்திருக்கலாம். அங்கே குளிர்காலத்தில் குழாய் நீர் 5 டிகிரி, 10 டிகிரி என்ற அளவில் வரும். மக்கள் ஷவரில் குளிப்பார்கள். நிமிடத்திற்கு 8 லிட்டர் நீரை 5 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த எவ்வளவு திறன் வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 20 கிலோவாட் வரும். அதற்குப் பெரிய மின் இணைப்பு வேண்டும். அதனால்தான் அங்கே உடனடிக் கீசர் என்பது பெரிய கருவி, பெரிய செலவு. தொட்டிக் கீசரும் 150, 200 லிட்டர் கொள்ளும் பீப்பாயாக நாள் முழுவதும் சூடாகவே நிற்கும்.

நம் நிலை வேறு. நாம் கேட்பது 15 டிகிரி உயர்வு. சித்திரை, வைகாசியில் அதுவும் வேண்டாம். மொட்டை மாடியிலுள்ள கறுப்புத் தொட்டி நீரே பிற்பகலில் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. திருச்சிக்காரர்களுக்கு அந்த மாதங்களில் குளிர்ந்த நீர் கிடைப்பதுதான் அரிது! ஆகவே அந்த நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வது, நமக்கு வேண்டாத கருவியை வாங்குவதில் முடியும். விடையைக் கடன் வாங்காதீர்கள், கணக்கிடும் முறையைக் கடன் வாங்குங்கள்.

தொட்டியின் குற்றம் எது?

தொட்டிக் கீசர்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அது உண்மையானதும்கூட. நீர் பயன்படாமல் நிற்கும்போது தொட்டிச் சுவர் வழியே வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு கசிகிறது என்பதை நீங்களே அளந்து அறியலாம். ஓர் எடுத்துக்காட்டு: 15 லிட்டர் தொட்டியில் 60 டிகிரியில் இருந்த நீர், ஸ்விட்சை அணைத்த பிறகு 10 மணி நேரத்தில் 46 டிகிரிக்கு இறங்கியது எனக் கொள்வோம். இழந்த வெப்பம் 15 × 14 × 4,200 = 8,82,000 ஜூல். இது ஏறக்குறைய கால் யூனிட். நாள் முழுவதும் ஸ்விட்ச் போட்டே இருந்தால், இந்த வீதத்தில் ஒரு நாளைக்கு 0.6 யூனிட் யாருக்கும் பயன்படாமல் குளியலறைச் சுவருக்குப் போகும். உண்மையில் இழப்பு இன்னும் சற்று அதிகமே. தொட்டி ஆறாமல் 60 டிகிரியிலேயே நின்றால் வெப்பம் வேகமாகக் கசியும். நியூட்டனின் குளிர்தல் விதியை நினைவு கூருங்கள்.

இதனை மின்கட்டண அட்டையோடு ஒப்பிடுங்கள். குளிப்பதற்கு 60 நாளில் 63 யூனிட். கசிவுக்கு 60 நாளில் 36 யூனிட். கூட்டினால் 99 யூனிட். 2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி அளிக்க முடிவு செய்தது. ஏறத்தாழ அந்த அளவு முழுவதையும் ஒரே ஒரு கீசர் விழுங்கிவிடும்! அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் கசிவு.

ஆனால் அந்தக் கசிவுக்குத் தொட்டியைக் குற்றம் சொல்வது நியாயமா? குளிப்பதற்கு 20 நிமிடம் முன்னதாகப் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிட்டால், கசிவதற்கு நேரமே இல்லை. கடைசியாகக் குளிப்பவர் தொட்டியிலுள்ள சூட்டைப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் மிச்சமும் இல்லை. அந்த வீட்டில் தொட்டிக் கீசரும் உடனடிக் கீசரும் செலவழிக்கும் யூனிட் அநேகமாக ஒன்றே. இழப்பை உண்டாக்குவது அணைக்க மறந்த ஸ்விட்சு. பெரிய தொட்டி வாங்கினால் மறதிக்குக் கொடுக்கும் விலையும் பெரிதாகும். நான்கு பேருக்கு 15 லிட்டர் போதும். இடைவெளி விடாமல் அடுத்தடுத்துக் குளிப்பவர்கள் 25 லிட்டர் வாங்கலாம். அதற்கு மேல் தேவையில்லை.

கம்பியும் தெருவும்

உடனடிக் கீசரை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்கு முதல் காரணம் மின்னோட்டம். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் கருவி 8.7 ஆம்பியர் எடுக்கும். 3 கிலோவாட் கருவி 13 ஆம்பியர் எடுக்கும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது 1841-இல் ஜூல் கண்ட விதி. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால், கம்பி ஒவ்வொரு நொடியும் இரண்டேகால் மடங்கு சூடாகும். 4.5 கிலோவாட் உடனடிக் கீசர் என்றால் 19.6 ஆம்பியர். அதனை 16 ஆம்பியர் பிளக்கில் செருகுவதே தவறு. விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் கம்பி இழுத்த பழைய வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! அத்தகைய வீட்டில் கீசருக்கென்று தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் சரியான எர்த்தும் அமைக்காமல் எந்தக் கீசரும் வாங்கக் கூடாது.

இரண்டாவது காரணம் தெரு. 100 கிலோவோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பல தெருமுனைகளில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை ஆறரை மணிக்கு 3 கிலோவாட் கீசர்கள் 33 ஒரே சமயத்தில் இயங்கினாலே அதன் திறன் முழுவதும் தீர்ந்துவிடும். 2 கிலோவாட் கீசர்கள் என்றால் 50 தாங்கும். அதோடு தொட்டிக் கீசரை ஒரு வீட்டார் ஐந்தரைக்கும் இன்னொரு வீட்டார் ஆறேகாலுக்கும் போடலாம். சூடு காத்திருக்கும். உடனடிக் கீசரோ குளிக்கும் அந்த நிமிடத்தில்தான் ஓடியாக வேண்டும். அந்தக் காலை வேளையில் சூரிய மின் நிலையங்களும் இன்னும் விழித்திருக்கமாட்டா.

அப்போது கைகொடுப்பவற்றுள் அனல்மின் நிலையங்கள் முக்கியமானவை. அங்கே நடப்பதை எண்ணிப் பாருங்கள். நிலக்கரியை எரித்து, நீரைக் கொதிக்க வைத்து, ஆவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுவந்து, நாம் மறுபடியும் நீரைச் சூடாக்குகிறோம்! நம் குளியலறையில் வீணாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பின்னால் மூன்று யூனிட் வெப்பத்திற்கான நிலக்கரி எரிந்திருக்கிறது.

பக்கத்து ஆலை சொல்லும் பாடம்

காட்டூரிலிருந்து தஞ்சைச் சாலையில் கிழக்கே போனால் திருவெறும்பூர். அங்கே செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியோடு தொடங்கி, 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 'பெல்' உயரழுத்தப் பாய்லர் ஆலையை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலருடைய வீட்டுப் பெரியவர்கள் அங்கே பணிபுரிந்திருக்கலாம். நாம் குளியலறைக்காகக் கேட்கும் அதே கேள்வியை அந்தப் பாய்லர் பொறியாளர்களும் கேட்டிருக்கிறார்கள்: தொட்டி வேண்டுமா, வேண்டாமா?

பழைய வகை அனல்மின் பாய்லரின் உச்சியில் 'டிரம்' எனப்படும் பெரிய உருளை இருக்கும். நீரும் ஆவியும் பிரியும் இடம் அதுதான். புதிய வகையில் நீர் ஒரு முனையில் நுழைந்து குழாய்கள் வழியாகச் சூடேறி மறுமுனையில் ஆவியாக வெளியேறும். டிரம் கிடையாது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 218 மடங்குக்கு மேல் போனால், நீர் கொதிப்பது என்ற நிகழ்ச்சியே இல்லாமல் போகிறது. நீரும் ஆவியும் பிரிய வேண்டியதில்லை, எனவே டிரம்மும் வேண்டியதில்லை. திருச்சி ஆலை இரண்டு வகைகளையும் செய்திருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. டிரம் உள்ள பாய்லரில் உப்பு சேர்ந்தால் டிரம்மிலிருந்து கொஞ்சம் நீரை வெளியேற்றி உப்பைக் கழிக்கலாம். டிரம் இல்லாத பாய்லரில் உப்பு தங்கிக் கழிவதற்கு அப்படி ஓர் இடம் இல்லை. ஆகவே அதற்கு மிகமிகத் தூய்மையான நீர் வேண்டும். உங்கள் உடனடிக் கீசருக்கும் இது பொருந்தும். காவிரி, கொள்ளிடம் படுகைகளிலிருந்து வரும் குழாய் நீர் உள்ள வீட்டில் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் என்றால், அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகச் சுருளின்மேல் படியும். இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும், ஒரு நாள் எரிந்து போகும். சிறிய கலத்தில் அதிகத் திறன் வேலை செய்யும் உடனடிக் கீசரில் இது விரைவில் தொந்தரவு தரும். தொட்டியிலும் படியும். ஆனால் அங்கே இடம் அதிகம். கழற்றிச் சுத்தம் செய்ய அவகாசமும் உண்டு.

எரிவாயுவும் சூரியனும்

மின்கம்பிக்குப் பாரமில்லாத வேறு இரண்டு வழிகளையும் சொல்லாமல் விடக் கூடாது. எரிவாயுக் கீசர் 10 கிலோவாட் அளவு திறனை எளிதாகத் தரும். அதனால் அது உண்மையாகவே உடனடிக் கருவிதான். 80 விழுக்காடு வெப்பம் நீருக்குச் சேர்வதாகக் கொண்டால், நான்கு பேர் குளிக்க நாளைக்குச் சுமார் 100 கிராம் எரிவாயு ஆகும். ஆனால் அதனைக் கதவு, ஜன்னல் மூடிய குளியலறைக்குள் வைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. நம் நாட்டில் இவ்வாறு பலர் குளியலறைகளில் மாண்டிருக்கிறார்கள். மாகனின் முதல் கீசரில் இருந்த அதே குறை இது. எரிவாயுக் கீசரின் இடம் வீட்டிற்கு வெளியே, காற்றோட்டமான சுவரில்.

சொந்த மொட்டை மாடி உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை சூரியக் கீசரே. நம் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. அதில் பாதியைப் பிடித்தாலும், இரண்டு சதுர மீட்டர் பரப்பு 5 யூனிட் தரும். 100 லிட்டரை 60 டிகிரிக்கு உயர்த்த நமக்கு வேண்டியது 4 யூனிட்தான். கவனியுங்கள், சூரியக் கீசரும் தொட்டிக் கீசரே. பகலில் வந்த வெப்பத்தை மறுநாள் காலை வரை காப்பது அதன் தடித்த வெப்பக்காப்புத் தொட்டி. தொட்டியின் பெருமை அங்கேதான் விளங்குகிறது.

மறக்கக் கூடாதவை

தொட்டிக் கீசரின் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைப்பது நல்லது. வெதுவெதுப்பாகவே நாட்கணக்கில் நிற்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளரும். 60 டிகிரியில் அது பிழைக்காது. அதே 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். எனவே வாளியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகே வெந்நீர். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வரிசையை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 15 லிட்டர் நீர் சுமார் 0.2 லிட்டர் விரிவடைகிறது. அந்த அதிக நீர் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டலாம். ஒழுகுகிறது என்று எண்ணி அந்த வால்வை யாரும் அடைக்கக் கூடாது. அடைத்தால் தொட்டியே வெடிக்கக்கூடும். ராடு பயன்படுத்தும் வீட்டில், பிளக்கைப் பிடுங்கிய பிறகே நீரைத் தொட வேண்டும்.

எனது முடிவு

மாடி இருந்தால் சூரியன். இல்லையென்றால், நான்கு பேர் வீட்டிற்கு 2 கிலோவாட், 15 லிட்டர் தொட்டிக் கீசர், நல்ல வெப்பக்காப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குவது. நட்சத்திரக் குறியீடு அதிகமாக இருந்தால் கசிவு குறைவு என்று பொருள். ஒருவர் இருவர் மட்டும் வாழும் வீட்டிற்கும், பாத்திரம் துலக்கும் இடத்திற்கும் 3 கிலோவாட் உடனடிக் கீசர் பொருத்தமானது. ஒரு வாளிக்காகத் தொட்டி முழுவதையும் சூடாக்க வேண்டாமல்லவா? ஸ்விட்சை அணைக்க எப்போதும் மறந்துபோகும் குடும்பமும் கம்பி சரியாக இருந்தால் உடனடிக் கீசரையே நாடலாம். சிறு கலத்தில் கசிவும் சிறிது.

என் முடிவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கலாம். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஆசிரியர் அனுமதியோடு ஒரு வெப்பமானியைக் கொண்டு வாருங்கள். காலை ஆறு மணிக்குக் குழாய் நீரின் வெப்பநிலையை ஒரு வாரம் குறித்து வையுங்கள். உங்கள் வாளி எத்தனை லிட்டர் என்று அளந்து பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே தொட்டிக் கீசர் இருந்தால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, இரவில் சூடாக்கி அணைத்ததும் ஒரு குவளை நீரின் வெப்பநிலையை அளவிடுங்கள். காலையில் குழாய்க்குள் ஆறி நிற்கும் நீரை விட்டுவிட்டு, அடுத்த குவளையை அளவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கசிவைக் கணக்கிடலாம்.

பிறகு அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். "எத்தனை லிட்டர் வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்பதற்கு முன், எத்தனை கிலோஜூல் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.